பாட்டு வாத்தியாரின் மாத்திரை

எங்கள் செட்டில் ஐந்தாறு பேர் இருக்கிறோம். எல்லோரும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். காலையில் செம்மேட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பேச்சு மிளகு விலையில் ஆரம்பித்தாலும் சரி, பேரன் படிப்பில் ஆரம்பித்தாலும் சரி, மாத்திரையில் வந்துதான் நிற்கும். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தபிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. இன்னொருவர் தைராய்டு மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், எடுத்தும் காட்டுவார். நானும் என் பங்குக்குப் பிரஷர் மாத்திரையைச் சொல்வேன். இரவில் சாப்பாட்டுக்குப் பின் போடுகிற இன்னொரு மாத்திரையை மட்டும் சொல்ல மாட்டேன். 13 வருடமாகச் சொல்லவில்லை.

இன்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "உங்களுக்கே வெட்கமில்லேன்னா எனக்கென்னங்க" என்றாள்.

அந்த மாத்திரையின் பெயர் லித்தியம்.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். சொந்த ஊர் அடிவாரத்தில் சேந்தமங்கலம். 1979-இல் தமிழாசிரியராகக் கொல்லிமலைக்கு வந்தேன். பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. ஒரு வருடம் ஓட்டிவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வந்தவன், இறங்கவே இல்லை. சேலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய புல்புல்தாரா ஒன்று என்னோடு மலை ஏறியது. தட்டச்சு இயந்திரம் மாதிரி கட்டைகள் வைத்த அந்த வாத்தியத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். முறையாகச் சங்கீதம் கற்றவன் இல்லை நான். ஆனால் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவேன். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் மெட்டோடு வந்துவிடும். மலைக்கு வந்த முதல் மாதம், கரவள்ளியில் இருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி வகுப்பில் சும்மா பாடினேன்.

முதல் வளைவிலே மூச்சு வாங்குது
மூணாம் வளைவிலே காது அடைக்குது
பத்தாம் வளைவிலே பாட்டிக்குக் குமட்டுது
பாதி வழியிலே பனி வந்து மூடுது

இப்படியே எழுபதுவரை போகும். எண் கற்றுக்கொள்ள ஆகட்டும் என்று பாடியது. இன்றைக்கும் பேருந்தில் யாராவது நாற்பது வயசுக்காரர் என்னைப் பார்த்து "பாட்டு வாத்தியாரே" என்று கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் மகனுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார். எனக்குக் கிடைத்த நல்லாசிரியர் விருது அதுதான்.

ஒன்று சொல்லவேண்டும். இந்த மலையில் பாட்டுக் கட்டுவது பெரிய வித்தை இல்லை. சாமைக் காட்டில் களை எடுக்கும் பெண்கள் கட்டுவார்கள். இழவு வீட்டில் ஒரு பாட்டி ஒப்பாரி எடுத்தால், இறந்தவருடைய பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம், கடைசியாகக் குடித்த காப்பிவரைக்கும் எதுகை தவறாமல் வரும். மறுநாள் அதையே பாடச் சொன்னால் "எனக்கென்ன தெரியும், வந்துச்சு, பாடினேன்" என்பாள். நான் அந்தப் பெண்களிடம் கற்றவன்தான். அவர்களுக்கு அந்த ஊற்றை அடைக்கத் தெரிந்திருந்தது. பாடி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டப் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியவில்லை. என் சங்கடம் அங்கே ஆரம்பித்தது.

முதலில் வந்தது 1987 கோடை விடுமுறையில் என்று இப்போது கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிறது. அப்போது தெரியாது. மூன்று வாரம் தூக்கமே தேவைப்படவில்லை. நாற்பதுக்கு மேல் பாட்டு எழுதினேன். கடன் வாங்கி ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் வாங்கினேன், மலை முழுக்கக் கச்சேரி நடத்தப்போவதாக. தலைமையாசிரியரோடு சண்டை. பள்ளி திறந்ததும் எல்லாம் வடிந்துவிட்டது. அடுத்த நான்கு மாதம் எழுந்து பல் விளக்குவதே மலை ஏறுவது மாதிரி இருந்தது. காமாலையாக இருக்கும் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காமாலை இல்லை. ஆனாலும் குடித்தேன்.

பிறகு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை சின்ன அளவில் வந்து போனது. ஊரார் "வாத்தியாருக்கு வேகம் வந்திருக்கு" என்பார்கள். கலைஞன் என்றால் அப்படித்தான் என்று நானும் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமைக்கு எனக்கு ஒரு முன்னுதாரணமும் இருந்தது. புல்லாங்குழல் மாலி. டி.ஆர்.மகாலிங்கம் என்று பெயர், நடிகர் டி.ஆர்.மகாலிங்கம் வேறு. 1926-இல் திருவிடைமருதூரில் பிறந்து, ஏழு வயதில் மேடை ஏறிய பிள்ளை. குழலில் வாய்ப்பாட்டின் கமகத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர் கச்சேரிக்கு வருவாரா மாட்டாரா என்று கடைசி நிமிடம்வரை தெரியாது. வந்தாலும் எவ்வளவு நேரம் வாசிப்பார் என்று தெரியாது. குடியும் இருந்தது. 1986-இல் காலமானார். அவருக்குள் என்ன நடந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் சபையில் உட்கார்ந்திருந்த நம்மவர்கள் அந்தத் தவிப்பையும் வாசிப்போடு சேர்த்து ரசித்தோம். "மேதைன்னா அப்படித்தான்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப்போய்விட்டோம். ராத்திரி அவர் தூங்கினாரா என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

2012 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஐப்பசி மழையில் அது பெரிதாக வந்தது.

11 ராத்திரி. மொத்தமாகச் சேர்த்தால் இருபது மணி நேரம் தூங்கியிருப்பேனா என்பது சந்தேகம். முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு பாட்டும் மெட்டு, வரி, சந்தம் எல்லாம் முழுசாக வந்து விழுந்தது. ஒன்பது நோட்டு நிரம்பியது. ஆறாம் நாள் வாக்கில், மிளகுக் கொடிக்குக் கீழே வல்வில் ஓரி உட்கார்ந்து கேட்கிறான் என்று நம்பினேன். உவமைக்காகச் சொல்லவில்லை. அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். ஓய்வூதியப் பணத்தில் எண்பதாயிரத்தைக் கொண்டுபோய், சி.டி. போட என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தேன். மகன் தடுத்தபோது அவனைக் கை நீட்டி அடித்தேன். 31 வயது மகன். அவன் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் செருப்பை எடுத்து ஒளித்து வைத்தான், வெளியே போகாமல் இருக்கட்டும் என்று. நான் வெறுங்காலோடு மழையில் பேருந்து நிலையம் போய், நின்ற வண்டிகளில் எல்லாம் ஏறிப் பாடினேன். சிலர் சில்லறை கொடுத்தார்கள். என்னிடம் படித்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை இன்னும் மறக்கவில்லை.

நாவில் சரஸ்வதி வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். காத்துக் கருப்பு என்று சிலர். என் மாமனார் வீட்டில் குணசீலத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். போனோம். முசிறியில் இருந்து திருச்சி போகும் வழியில், காவிரிக் கரையில் இருக்கும் பெருமாள் கோயில். மனம் சரியில்லாதவர்களை அழைத்துவந்து 48 நாள் தங்கவைத்து வழிபடுவது அங்கே வழக்கம். முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நான்கு நாள் இருந்தோம். என்னைப்போல எத்தனை பேர், அவர்களோடு எத்தனை அம்மாக்கள், எத்தனை அண்ணன் தம்பிகள். ஒரு பொறியியல் படித்த பையன் நாள் முழுக்க ஒரே பாட்டின் முதல் அடியை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஒவ்வொரு முறையும் "நல்லாருக்குப்பா" என்றாள். நூறு முறையாவது சொல்லியிருப்பாள்.

கோயிலையும் ஆஸ்பத்திரியையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த நான்கு நாளில்தான் என் மனைவி பத்துப் பேரோடு பேசி, இது வியாதி என்றும், மருந்து இருக்கிறது என்றும் தெரிந்துகொண்டாள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் நடந்ததையும் நாம் மறக்கக் கூடாது. தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். என் தாத்தாவின் தம்பி ஒருவரை வீட்டுத் திண்ணைத் தூணில் கட்டிவைத்திருந்ததாக என் அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரும் பாடுவாராம். டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் நினைவு வந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என் மகளைவிட இளையவர். என்னிடம் பத்து நிமிடம், என் மனைவியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். 1987-ஐத் தோண்டி எடுத்தது மனைவிதான். ஆம்ப்ளிபயர், கீழாநெல்லி எல்லாம் சொன்னாள். அப்படிப் பெயர் கிடைத்தது: இருமுனை மனநோய். ஒரு முனை உச்சி, ஒரு முனை பள்ளம். எனக்கு உடனே கொண்டை ஊசி வளைவுதான் நினைவுக்கு வந்தது. இந்த வளைவுகளுக்கு வண்டி ஓட்டுகிறவர் வேறு யாரோ.

லித்தியம் பூமியில் கிடைக்கும் ஓர் உப்புச் சத்து. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-இல் இந்த நோய்க்கு அது கேட்கிறது என்று எழுதினார். அதற்கு முன் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். போன் பேட்டரியில் இருப்பதும் இதே லித்தியம்தான் என்று பேரன் சொன்னான். "தாத்தாவுக்குச் சார்ஜ் போட்டாச்சா?" என்று இரவில் கேட்பான். அவனுக்கு மட்டும்தான் அப்படிக் கேட்க உரிமை.

மாத்திரை வேலை செய்தது. மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. ஓரி எழுந்து போய்விட்டான். மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கை லேசாக நடுங்கும், தாகம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் பாட்டு நின்றுவிட்டது.

குறைந்தது என்று சொல்லவில்லை. நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு வகுப்பில் புறநானூறு நடத்தியது அப்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 152-ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காட்டில் பார்க்கிறார்கள் பாணர் கூட்டத்தார். இவன் ஓரியோ, இல்லையோ என்று சந்தேகம். இருந்தாலும் தலைவன் விறலியிடம், நான் ஒரு பாட்டுப் பாடப்போகிறேன், முழவை எடு, யாழைக் கூட்டு என்கிறான். ஒத்திகை இல்லை, சபை இல்லை. நடுக்காட்டில் நின்ற இடத்தில் பாட்டு. 'கோ' என்று பாடும்போது அது தன்னைக் குறிப்பதால் அவன் நாணுகிறான். வேட்டையாடிய மான்கறியையும் மதுவையும் மலையில் விளைந்த பொன்னையும் அங்கேயே அள்ளிக் கொடுக்கிறான். இந்த மலையில் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டியவர்களின் கதை அவ்வளவு பழசு.

அடுத்த பாட்டு, 153. அதுவும் வன்பரணர், அதுவும் ஓரி. அவனிடம் போன பாணர்கள் பொற்பூவும் பரிசும் பெற்றார்கள், பசி தீர்ந்தது, ஆடவும் இல்லை, பாடவும் மறந்துவிட்டார்கள் என்று முடியும். கொடையின் பெருமையைச் சொல்வது அது. 1990-களில் ஒருநாள் இதை நடத்தும்போது, கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "வயிறு ரொம்பினா பாட்டு வராதுங்களா சார்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, உட்காரச் சொன்னேன்.

2013 ஆடி 18-இல் செம்மேட்டில் ஓரி விழா. மேடையில் எட்டுப் பத்துப் பேர் பாடியபின், "நம்ம பாட்டு வாத்தியார் ஓரியைப் பற்றி நின்ற இடத்தில் ஒரு பாட்டுக் கட்டுவார்" என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். ஏறினேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. வெளுத்த சுவர் மாதிரி இருந்தது உள்ளே. ஒரு நிமிடம் போல நின்றுவிட்டு, தொண்டை சரியில்லை என்று இறங்கினேன். வயிறு நிறைந்திருக்கிறது, தூக்கம் நிறைந்திருக்கிறது, பாட்டு மட்டும் மறந்துவிட்டது. அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவில் இருந்து மாத்திரையை வாயில் போடுவது போலப் போட்டு, கொல்லையில் மிளகுக் கொடி அடியில் துப்ப ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து வாரம் கழித்து இரண்டு பாட்டு வந்தது. மனைவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நான் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தேன். ஆனால் இந்த முறை உச்சி வரவில்லை. மார்கழியில் நேராகப் பள்ளம் வந்தது.

அதை விவரிக்கப் போவதில்லை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஊருக்கு வெளியே ஒரு பாறைவரைக்கும் நடந்து போனேன். எதற்குப் போனேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பனி முழங்கால் தெரியாமல் மூடியிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னால் டார்ச் வெளிச்சம். என் மனைவி. காலில் செருப்பு இல்லை, என் ஸ்வெட்டர் கையில். அழவில்லை, கத்தவில்லை. பக்கத்திலும் வரவில்லை, பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "பனி கொட்டுதுங்க. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள். நான் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்தபிறகு கொல்லைக்குக் கூட்டிக்கொண்டுபோய் மிளகுக் கொடியைக் காட்டினேன். "தெரியும்" என்றாள்.

மறுநாள் முதல் பேருந்தில் இறங்கினோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. பாட்டு போய்விட்டது, அதனால்தான் நிறுத்தினேன் என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்துப் பார்த்திருக்கலாமே என்றார். பிறகு ஒரு விவரம் சொன்னார். மோகன்ஸ் ஷூ என்று டென்மார்க்கில் ஒரு மருத்துவர், லித்தியத்துக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். அவருடைய தம்பிக்கே இந்த நோய் இருந்ததாம். 1979-இல் அவர், லித்தியம் சாப்பிடுகிற 24 கலைஞர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைக்கிறோம் என்றார்கள். 6 பேருக்கு வித்தியாசம் இல்லை. 6 பேருக்குக் குறைந்துவிட்டது.

"நான் அந்தக் கடைசி ஆறில் இருந்தா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்" என்றார். நேர்மையான பதில். அதனால்தான் அவரை நம்பினேன்.

அளவைக் குறைத்தார்கள். ரத்தத்தில் லித்தியம் 0.6-க்குப் பக்கம் நின்றால் எனக்குப் போதும் என்று முடிவானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கவேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்ப்பார்கள்.

வயதானவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஆறு வருடத்துக்கு முன் முழங்கால் வலிக்கு ஒரு மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் பத்து நாள் போட்டேன். கை நடுக்கம் கூடி, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வாந்தி, நடை தள்ளாட்டம். பக்கவாதம் என்று பயந்து ஓடினோம். பார்த்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறியிருக்கிறது. சில வலி மாத்திரைகளும், சிறுநீர் அதிகம் போகவைக்கும் சில பிரஷர் மாத்திரைகளும் லித்தியத்தை வெளியேறவிடாமல் தேக்கிவிடுமாம். பிரஷருக்கு என்று உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் ஏறும். உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் லித்தியத்தைச் சொல்லுங்கள். ரகசியமாக வைத்திருந்ததால் எனக்கு வந்த வினை அது. இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணமும் அதுதான். யாரிடமும் பேச முடியவில்லை என்றால் 14416 என்ற அரசு எண் இருக்கிறது. 2022-இல் இருந்து நாடு முழுக்க இயங்குகிறது, காசில்லை, தமிழில் பேசலாம்.

ஒன்பது நோட்டுகளையும் போன வருடம் பிரித்துப் படித்தேன். பரணில் வண்டு அரித்தது போக மிச்சம் இருந்தது. அந்த 11 ராத்திரியில் உலகத்தையே புரட்டிப்போடும் என்று நினைத்தவை. முந்நூறுக்கு மேல் பாட்டு. தேறியவை நான்கு. மற்றதெல்லாம் சத்தம், ஒரே எதுகையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த நான்கும் நல்ல பாட்டுகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது எனக்கு அப்படி ஒன்று வராது. அந்த நான்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மாதம் ஒன்று வரும், சில மாதம் அதுவும் இல்லை. நடுங்கும் விரலுக்குப் புல்புல்தாராக் கட்டைகள் சரிப்படவில்லை, அதைப் பேரனிடம் கொடுத்துவிட்டேன். கையைத் தட்டிக்கொண்டு பாடுகிறேன். போன வாரம் திண்ணையில் காய்ந்த மிளகைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சரசரப்பில் ஒரு சந்தம் பிடித்தது. இரண்டு அடி வந்து, மூன்றாவது அடி தயங்கி, அப்புறம் வந்தது. எழுந்து உள்ளே ஓடினேன்.

"ஏம்மா, ஒரு பாட்டு வந்திருக்கு."

அவள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"பத்து மணிக்குப் படுத்தேன். அஞ்சரைக்கு எழுந்தேன்."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"சரி, பாடுங்க" என்றாள்.